உன் அறையில் ஒன்பது வருடம் இருந்த புத்தகங்கள்

தம்பி,

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம் என்பதை நீ தினமும் வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய், ஆகவே அந்த வரியை எழுதி உன் நேரத்தை வீணாக்கவில்லை. இந்தக் காலத்தில் ஒரு கடிதமா என்று சிரிப்பாய். சிரி. தொலைபேசியில் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று "சாப்பிட்டானோ எண்டு கேளுங்கோ" என்கிறாள். நானும் அதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நாற்பது வருடம் நீதிமன்றத்தில் நின்று வாதாடியவனுக்குச் சொந்த மகனோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைக்க வராது என்பது வெட்கக்கேடுதான். எழுத வரும் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன். முதலில் செய்தி. உன் அறை காலியாகிவிட்டது. கட்டில் நேற்று வந்து சேர்ந்தது. இந்த இரண்டு வரியோடு கடிதத்தை முடித்திருக்கலாம், ஆனால் அது எப்படிக் காலியானது என்பதை நீ என் வாயால் அறியவேண்டும்.

மாசி மாதம் நீ எடுத்த அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். கலியாணம் ஆவணியில் என்று முடிவான கையோடு கட்டாரிலிருந்து எடுத்தாய். மண்டபம், ஐயர், கொட்டாஞ்சேனையில் தர்ஷினி வீட்டார் சொன்னது எல்லாம் கதைத்துவிட்டு, கடைசியில் போகிற போக்கில் கேட்பதுபோல, "அப்பா, கலியாணம் முடிஞ்சு ஒரு மாதம் எங்கட வீட்டில நிண்டிட்டுப் போவமெண்டு தர்ஷினி ஆசைப்படுறா. அந்த அறைக்குள்ள ஒரு கட்டில் போட இடம் வருமோ?" என்றாய். நீ தவழ்ந்த அறை, நீ சோதனைக்குப் படித்த அறை, அதை 'என்ர அறை' என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. 'அந்த அறை' என்றாய். நான் "பாப்பம்" என்றேன். பதில் சொல்ல விருப்பமில்லாத சாட்சி சொல்லும் சொல் அது. இடமில்லாவிட்டால் கிருலப்பனையில் ஒரு மாதத்துக்கு ஓர் இடம் எடுக்கலாம் என்று நீயே எனக்குத் தப்பிக்கும் வழியையும் காட்டினாய். நீ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

கோபப்படுவதற்கு உன் அம்மா இருந்தாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள். "ஒன்பது வருசமா லீவில வாற பிள்ளை ஹோலுக்குள்ள மெத்தை விரிச்சுப் படுக்குது. இப்ப மருமகளையும் கொண்டுவந்து சோபாவுக்குப் பின்னால படுக்க வைக்கப் போறியளோ? கலியாணம் புத்தகத்துக்கோ, பொடியனுக்கோ?" அது என் தொழிலுக்கு வேண்டிய புத்தகம் என்று நான் தொடங்கினேன். "உங்கட தொழில் இந்த மேசையில நடக்குது. அந்த அறைக்குள்ள நடக்கிறது வேற" என்றாள். என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஊருக்குச் சொன்ன கதை உனக்கும் தெரியும். புதுக்கடையில் நான் கட்சிக்காரரைச் சந்திக்கும் கந்தோர் இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், புத்தகங்களை வைக்க வேறு இடமில்லை, ஆகவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்பது. அதில் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. கட்டடம் இடிபட இன்னும் எட்டு மாதம் இருந்தது. நீ சட்டக் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு ஒரு லிஃப்ட் கம்பனியில் சேர்ந்து, அங்கே வேலை பழகி, கட்டாருக்கு விமானம் ஏறினாயே, அதே கிழமையில் நான் லொறி பிடித்தேன். உன் கட்டிலைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்தேன். கூரைவரை இரும்பு றாக்கை அடித்து, தீர்ப்புத் தொகுதிகளையும் காணிச் சட்டப் புத்தகங்களையும் அடுக்கினேன். ஒரு சட்டத்தரணிக்கென்று இருந்த அறை, அவன் புத்தி தெளிந்து வரும்வரை புத்தகங்கள் இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் லீவில் நீ வந்து கதவைத் திறந்தாய், கொஞ்ச நேரம் நின்றாய், பிறகு உன் பெட்டியைக் கொண்டுவந்து சோபாவுக்குப் பின்னால் வைத்தாய். நான் பேப்பர் வாசிப்பதுபோல் இருந்தேன். ஒரு தகப்பன் செய்கிற வேலை இல்லை அது, தம்பி.

சரி, புத்தகங்களை எங்கே கொண்டுபோவது? வழி சொன்னவள் நில்மினி. என்னிடம் ஆறு வருடம் ஜூனியராக இருந்த சிங்களப் பிள்ளை. இப்போது தனியாக வழக்குப் பேசுகிறாள், இருந்தாலும் வியாழக்கிழமைகளில் வந்து என் கணினியைத் திட்டிவிட்டுப் போவாள். "சேர், எல்லாம் ஸ்கேன் பண்ணுவோம். டெப்லட்ல வரும். சேர் சைட்ல எழுதினதும் சேந்து வரும்" என்றாள், என்னிடம் பழகிய அவளுடைய தமிழில். அந்தப் பக்க ஓரத்து எழுத்துத்தான் எனக்கு உயிர் என்பது அவளுக்குத் தெரியும். அச்சடித்த தீர்ப்பு எந்த நூலகத்திலும் கிடைக்கும், நான் எழுதியது வேறெங்கும் கிடைக்காது. ஒரு வாரம் மறுத்துப் பார்த்தேன். கடைசியில் மேலே கமராவும் கீழே கறுப்புப் பலகையும் உள்ள ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள். பக்கம் பிரட்டுவது உன் அம்மா, பட்டனை அமத்துவது நான். ஃபான் போட்டால் பக்கம் பறக்கும், ஆகவே ஃபான் இல்லை. சித்திரை வெயிலில் வெள்ளவத்தையில் ஃபான் இல்லாமல் இருந்து பார், தெரியும். ரசாயனம் படிப்பித்த ரீச்சர் அல்லவா உன் அம்மா, நான் இரண்டு பக்கத்தைத் தவறவிட்டால் உடனே பிடித்துவிடுவாள். "இவ்வளவு கிறுக்கல் எழுத்தோட எப்பிடியப்பா வழக்கு வெண்டனீங்கள்?" என்று ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது கேட்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்து பல வருடமாகியிருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே என் கெட்டித்தனத்தைச் சொல்லவேண்டும். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்பு செல்லாது என்று ஆக்கிவிட்டால், பழையதன் ஓரத்தில் நான் சிவப்புக் கோடு போடுவேன். பின்னால் வந்தது அதை ஏற்றுக்கொண்டால் பச்சைக் கோடு. ஒரு சொல்லும் எழுதமாட்டேன், நிறமே போதும். இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று எத்தனையோ ஜூனியர்மாருக்குப் பெருமையடித்திருக்கிறேன். தொடங்கும் அன்று நில்மினி "கலர்ல எடுக்கிறதா சேர், பிளாக் அண்ட் வைட்டா?" என்று கேட்டாள். "சட்டத்துக்கு என்ன நிறம், கறுப்பு வெள்ளையிலேயே எடு, கெதியா முடியும்" என்று உத்தரவு போட்டவன் நான். அறுபது தொகுதிகள் முடித்தோம். முடித்தவற்றை நில்மினி களனியில் உள்ள தன் தாய் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அதன் பிறகு ஒரு காணிப் பங்கு வழக்குக்கு நான் சட்டக் கருத்து எழுதினேன், டெப்பில் தேடி, ஒரு நொடியில் தீர்ப்பைக் கண்டுபிடித்து, மிகவும் சந்தோசமாக. நில்மினி வாசித்துவிட்டு மெல்லமாகக் கேட்டாள்: "சேர், இது செல்லாமப் போன கேஸ் எல்லோ?" திரையில் பார்த்தேன். ஓரத்தில் கோடு இருந்தது. கறுப்புக் கோடு. அடுத்த பக்கத்திலும் கறுப்புக் கோடு. அறுபது தொகுதியிலும் செத்த தீர்ப்பும் உயிருள்ள தீர்ப்பும் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நல்ல வேளை, கருத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. உன் அம்மா சிரித்த சிரிப்பு கீழ் மாடிக்குக் கேட்டிருக்கும்.

ஆகவே மூன்று சனிக்கிழமை இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு களனிக்குப் போனோம். நில்மினியின் தாய் பாற்சோறும் லுணுமிரிஸ் சம்பலும் செய்து வைத்திருப்பா, சாப்பிடாமல் ஒரு பக்கம் பிரட்ட விடமாட்டா. அறுபது தொகுதியிலும் கோடு போட்ட பக்கங்களை மட்டும் திரும்ப, இந்தத் தடவை நிறத்தில் எடுத்தோம். இரண்டாம் சனிக்கிழமை நில்மினியின் தகப்பன், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர், சிங்களத்தில் என்னைக் கேட்டார்: உங்கள் மகனும் சட்டத்தரணிதானே? என் வாய் பழக்கத்தில் திறந்தது. அவன் இப்போதைக்கு வெளிநாட்டில், வந்து படிப்பை முடிப்பான் என்று சொல்லப் போனேன். அதற்கு முன் உன் அம்மா தன் சந்தைச் சிங்களத்தில் "நே, புத்தா லிஃப்ட் ஹதனவா. ஹரி ஹொந்தட்ட ஹதனவா" என்றாள். இல்லை, மகன் லிஃப்ட் திருத்துகிறான், மிக நன்றாகத் திருத்துகிறான். அந்த மனிதர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் தங்கை வீட்டு லிஃப்ட் இரண்டு கிழமையாக ஓடவில்லை, மகன் எப்போது வருகிறார் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஆனால் மனது வேறெங்கோ போய்விட்டது.

எங்கே என்று உனக்குத் தெரியும். உன் இரண்டாவது லீவு, இங்கே வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபம். என் பழைய நண்பர் ஒருவர் "மகன் என்ன செய்யிறார்?" என்று கேட்டார். "சட்டக் கல்லூரியில கடைசிச் சோதனை எடுக்க இருக்கிறான், சும்மா ஒரு வருசம் வெளியில போய் நிக்கிறான்" என்றேன். திரும்பினால் நீ எனக்குப் பின்னால் பாயசக் கோப்பையோடு நின்றாய். நீ கேட்டாய். நீ கேட்டதை நான் கண்டேன். நான் கண்டதை நீயும் கண்டாய். நீ போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாய். வீடு திரும்பும்போது ஓட்டோவில் மழையைப் பற்றிக் கதைத்தோம். இன்றுவரை மழையைப் பற்றித்தான் கதைக்கிறோம். அந்தப் பொய்க்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் தொழில் எனக்கு வெட்கம் என்று நான் நினைத்ததே உண்மையில் என் வெட்கம். உனக்கும் தர்ஷினிக்கும் பிள்ளைகள் பிறந்தால், அவர்களைப் பற்றி மற்றவர்களுக்கு நீ என்ன சொல்கிறாய் என்பதில் கவனமாக இரு. அவர்கள் எப்போதும் பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள்.

களனி வேலை முடிந்து வீட்டில் மிச்சத் தொகுதிகளைத் தொடர்ந்தோம். களனியில் கோடு தேடிய பழக்கத்தில் உன் அம்மா ஓரங்களைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள். "சிவப்பு விளங்குது, பச்சை விளங்குது. இந்தப் பென்சில் என்ன?" என்றாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் வாசித்துவிட்டாள். 'தம்பிக்கு: இந்த நீதிபதி ஏன் தயங்குகிறார் என்று முதலில் யோசி, பிறகு வாசி.' கீழே திகதி. அப்போது நீ நேர்சரி. அதற்குப் பிறகு அவள் தேடித் தேடிப் பிரட்டினாள். தம்பிக்கு, தம்பிக்கு என்று எல்லாத் தொகுதியிலும் இருந்தது. எந்தச் சட்டத்தரணியை நம்பலாம், எந்த வாதத்தை எடுக்கக்கூடாது, நான் எந்த வழக்கில் ஏன் தோற்றேன். நானே பாதியை மறந்திருந்தேன். கடைசிக் குறிப்பு போன வருடத்துத் திகதி. அவள் அதில் விரலை வைத்தாள். "அவன் போனாப் பிறகுமோ?" என்றாள். நான் பட்டனிலிருந்து கையை எடுத்தேன். "நீங்கள் எழுதினது வேற ஒரு பொடியனுக்கு. நான் பெத்த பொடியன் லீவில வந்து ஹோலுக்குள்ள படுத்தவன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று ஃபானைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தோம், வேலை நடக்கவில்லை.

அடுத்த வியாழன் நில்மினி அந்தப் பென்சில் குறிப்புகளைத் தட்டச்சுச் செய்து டெப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். மங்கலாக இருப்பதால் தனியாகச் செய்யவேண்டுமாம். வேண்டாம் என்றேன். சிவப்பும் பச்சையும் வந்தால் போதும். பென்சில் புத்தகத்தோடு போகட்டும். வவுனியாவில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பேசும் ஒரு சின்ன நிலையத்துக்கு மிச்சத் தொகுதிகள் எல்லாம் போகின்றன. அங்கே யாராவது ஒரு பிள்ளை திறந்து பார்த்து, 'தம்பிக்கு' என்பது தனக்கென்று நினைத்தால் நினைக்கட்டும். நான் ஒன்றையும் இழக்கவில்லை. உண்மையில், டெப்பில் எழுத்தைப் பெருப்பித்துக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறேன், பலகணியில் கடற்காற்றில் இருந்து முழு நூலகத்தையும் மடியில் வைத்திருக்கிறேன், புதுத் தீர்ப்பு வந்தால் விரலால் சிவப்புக் கோடு போடுகிறேன். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணலாம் என்று ஐந்து வருடத்துக்கு முன்னமே நீ சொன்னாய், நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ சொன்னது சரி, அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது, போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நான் லிஃப்டுக்குள் மாட்டுப்பட்டு உன்னை எடுத்த விசயம். அன்று நான் உனக்குச் சொன்னது பொய் வாக்குமூலம். வவுனியாவுக்குப் போகும் வான் கீழே நின்றது, உன் அம்மா அதற்குப் பக்கத்தில் நின்றாள். நான் பெட்டிகளைத் தோள் உயரத்துக்கு லிஃப்டுக்குள் அடுக்கி, மிச்ச இடத்தில் நானும் நின்று பட்டனை அமத்தினேன். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. காவலாளி போன் எடுக்கவில்லை, உன் அம்மாவின் போன் வீட்டில் கிடந்தது. உன் பெயர் மேலே இருந்தது, அமத்திவிட்டேன்.

"அப்பா, லைட் எரியுதோ? ஃபான் சுத்துதோ?" என்றாய். ஓம் என்றேன். "அப்ப ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம். கதவை மட்டும் இழுக்காதேங்கோ. உள்ளுக்க வேற என்ன நிக்குது?"

"நான் மட்டும்தான்." அறையைக் காலியாக்குவது உனக்குத் தெரியக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

"சாமான் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"கதவில ஏதாவது சாஞ்சு நிக்குதோ எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்றாய். பார்த்தேன். மேல் பெட்டி சரிந்து கதவைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"ஒரு சின்னப் பெட்டி" என்றேன்.

"எவ்வளவு சின்னன்?"

"கொஞ்சம் பெரிசு."

நாற்பது வருடம் நான் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன், என்னை ஒருவரும் இப்படி மடக்கவில்லை. நீ சிரிக்கவும் இல்லை. "கதவு ஒரு விரலளவு விலகினாலும் லிஃப்ட் நிண்டிடும், அப்பா. அது பழுதில்லை, அது உங்களைக் காப்பாத்துறது. பெட்டியை மெல்ல உங்கட பக்கம் எடுங்கோ. கதவு தானாச் சேரும். சேந்தாப் பிறகு கீழ் மாடியை அமத்துங்கோ." கதவு சேர்ந்தது. லிஃப்ட் இறங்கியது. கீழே கதவு திறந்து நான் வெளியில் கால் வைக்கும்வரை நீ போனில் நின்றாய். பெட்டிக்குள் என்ன என்று கேட்கவே இல்லை.

வான் போன பிறகு காவலாளியின் கதிரையில் வெகுநேரம் இருந்தேன். உன் குரல் காதிலேயே நின்றது. அவசரமில்லாத, ஒரு இடத்திலும் தடுமாறாத குரல். பயந்துபோய் நிற்கும் ஒரு மனிதனுக்கு அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் சொல்லுகிற குரல். நீ வேலை செய்வதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். ஒன்பது வருடமாக உன் கம்பனியின் பெயர் தெரியும், சம்பளம் வருகிற திகதி தெரியும், நீ என்ன செய்கிறாய் என்பது தெரியாது. கேட்டதில்லை.

கலியாணத்துக்கு முன் மகனுக்குச் சொல்லவென்று தகப்பன்மார் வைத்திருக்கிற புத்திமதிகள் என்னிடமும் நிறைய இருந்தன. இருக்கட்டும். நீ வந்து, தர்ஷினியோடு உன் அறையில் பெட்டியை வைத்து, ஒரு நாள் நன்றாக நித்திரை கொண்டு எழும்பு. பிறகு நான் ஒரு கதிரையைக் கொண்டுவந்து கதவடியில் போடுகிறேன். காலையில் வேலைக்குப் போனதும் முதலில் நீ என்ன செய்வாய், தம்பி? உயரத்தில் நிற்கும்போது பயமாக இருக்குமா? ஒரு லிஃப்டைத் தொட்டதும் அதில் என்ன பிழை என்று எப்படித் தெரியும்? எனக்கு ஒன்றும் தெரியாது. முதலிலிருந்து சொல்லு.

உன்,
அப்பா